சாய்ந்த வளையம்

எங்கள் ஊரில் முகவரி என்பது கடிகாரம். நடுவில் ஏரி, அதைச் சுற்றி ஒரே சாலை, சாலையை ஒட்டிக் குடியிருப்புகள். வடக்கே பன்னிரண்டுமணி, பெரிய மருத்துவமனை அங்கேதான். தெற்கே ஆறுமணி, அங்கே சந்தை. கடல் ஏறிவந்து எங்கள் கரையை எடுத்துக்கொண்ட பிறகு, அரசு உள்நாட்டில் வெட்டிய ஏரியைச் சுற்றிக் கட்டிக்கொடுத்த ஊர் இது. கடற்கரைக்காரர்களான எங்களுக்கு எட்டுமணியில் இடம் கிடைத்தது. நேர் எதிரே, தண்ணீருக்கு அப்பால், இரண்டுமணி. அதிகாரிகளும் கம்பெனிக்காரர்களும் அங்கே இருந்தார்கள். சாயங்காலத்தில் அவர்களுடைய ஜன்னல்களில் வெயில் பட்டுத் திரும்பி எங்கள் கண்ணைக் கூசவைக்கும்.

சாலையில் நீலவண்டிகள் இருந்தன. நோயாளியை ஏற்றிப்போகும் வண்டிகள்தான், ஆனால் ஓட்டுநர் கிடையாது. உள்ளே ஒரு நர்ஸ் மட்டும் இருப்பார். அவற்றுக்கு நிலையமும் கிடையாது. எந்நேரமும் சாலையிலேயே முன்னும் பின்னுமாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் பக்கத்தில் இருக்கும் வண்டி வரும். ‘சராசரி நான்கு நிமிடம்’ என்று சந்தை முகப்பில் ஆளுயர எழுத்தில் பலகை வைத்திருந்தார்கள்.

என் கணவர் கஸ்பார் அந்தப் பலகை வைத்த மறு ஆண்டு இறந்தார்.

எங்கள் குடியிருப்பில் யாரும் அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. எங்களுக்கு மணி இருந்தது. பழைய ஊரில் சந்தியாகப்பர் கோயிலில் தொங்கிய மணி; கரை போவதற்கு முன் ஆண்கள் அதைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். கடலில் ஒரு படகு திரும்பாவிட்டாலும், ஒருவன் மயங்கி விழுந்தாலும் அதை அடிப்பார்கள். கேட்டவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவான். புது ஊரிலும் அதேதான். யாருக்காவது நெஞ்சு வலித்தால் மணி அடிக்கும், சிமியோன் தன் மீன்வண்டியைக் கிளப்புவார், நாலு பேர் தூக்கிப் போட்டுக்கொண்டு பன்னிரண்டுமணிக்குப் பறப்பார்கள். “நம்மளத் தூக்க நம்மாளு இருக்கான், மிசின் எதுக்கு?” என்பார் கஸ்பார். அவர் படகு எஞ்சின் மெக்கானிக். எந்திரங்களைப் பற்றி அவருக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது.

அவர் இறந்த அன்று நண்பகல். எங்கள் குடியிருப்பில் பாதிப்பேர் சிமியோன் வண்டியிலும் பேருந்திலுமாக ஏறி நாலுமணிக் குடியிருப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கஸ்பார் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சரிந்தார். நான் ஓடிப்போய் மணிக்கயிற்றை இழுத்தேன். வந்தவர்கள் கிழவர்களும் குழந்தைகளும்தான். திரும்பி ஓடிவந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பொத்தானை அழுத்தினேன். ‘வண்டி வருகிறது’ என்று ஒரு பெண்குரல் இதமாகச் சொன்னது. அது திரும்பத் திரும்பச் சொன்னது. நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி வந்தபோது அதற்கு வேலை இல்லை.

மூன்றாம் நாள் நீலவண்டிக் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் துக்கம் விசாரிக்க வந்தான். வருத்தம் தெரிவித்தான். பிறகு கையிலிருந்த திரையில் ஒரு படத்தைக் காட்டினான். எங்கள் கோயில் வாசலில் ஒரு நீலவண்டி நின்றது.

“போன வாரம் எடுத்தது. உங்க பகுதிக்கு வண்டி வர்றதில்லைன்னு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க.”

“நான் அப்படிச் சொல்லலியே” என்றேன்.

அவன் முகம் மாறியது. நான் சொல்லாத ஒன்றுக்கு அவன் பதிலோடு வந்திருக்கிறான். சாவு வீட்டுக்கு வருகிறவன் மாலையோடு வருவான்; அத்தாட்சியோடு ஏன் வருகிறான்? என் சந்தேகம் அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. அதற்குப் பிறகு அது என்னை விட்டுப் போகவே இல்லை.

எதிரில் பேருந்து நிழற்குடையில் ஒரு சிமெண்டுப் பலகை உண்டு. காரியம் முடிந்ததும் நான் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். சாலையையே பார்ப்பேன். காய்கறி வண்டி போகும், பள்ளிப் பேருந்து போகும். நீலவண்டி மட்டும் போகாது. சில நாள் காலைமுதல் மாலைவரை ஒன்றுகூடப் போகாது. ஆனால் யாரையாவது சாட்சிக்கு அழைத்துவந்து உட்காரவைத்தால், அன்று பார்த்து ஒன்று ஊர்ந்து வந்துவிடும்.

“அந்தா போகுதே! உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா ஏட்டி?” என்றாள் புளோரா மைனி. என் அண்ணன் சிமியோனின் பெண்டாட்டி. “நீ இப்பிடியே இங்க குந்தியிருந்தா, பஸ்ஸுக்காரன் உன்னைய ஸ்டாப்புன்னு நினைச்சு நிறுத்திட்டுப் போவான்.”

“ஒண்ணு வந்துச்சு மைனி. மத்ததெல்லாம் எங்க?”

“மத்தது உன் வீட்டு வாசல்ல வரிசையா நிக்கணுமோ? மாப்பிள்ளை ஊர்வலமா?”

ஒரு நாள் நான் போனபோது பலகையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பருத்திப் புடவை, குடை, காலில் நல்ல செருப்பு. எட்டுமணியில் அப்படிச் செருப்புப் போடுகிறவர்கள் இல்லை. பேருந்து வந்தது, அவள் ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. அதிலும் ஏறவில்லை. நான் பார்ப்பதைத்தான் அவளும் பார்க்கிறாள் என்று புரிந்ததும் அவள் எதிரில் போய் நின்றேன்.

“யாரு உங்களை அனுப்பினது?” என்று நேராகவே கேட்டேன்.

“யாரும் அனுப்பலைக்கா. என் பேரு நப்பின்னை. உங்க கணவர் விஷயம் கேள்விப்பட்டேன்.”

“யாரு சொன்னா?”

“நீங்க எவ்வளவு நாளா இங்க உட்கார்றீங்க? இந்த இடத்துலதான் வண்டி குறையுதா, இல்ல அந்த வளைவுவரைக்குமா?” என்று கேட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவள் கேட்கிற கேள்வி இல்லை அது. ஆனால், ‘குறையுதா’ என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். அதற்காக மட்டுமே அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

எங்கள் வீட்டுக்கு நான்கைந்து படி ஏறவேண்டும். அவள் நடுவில் நின்று, நெஞ்சில் கைவைத்து, ஏரியை வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி ஏறினாள். இரக்கம் சம்பாதிக்கச் செய்கிற பாசாங்கு என்று நினைத்தேன்.

உள்ளே வந்தவள் கண்ணில் சுவரில் ஆணியில் தொங்கிய வளையம் பட்டது. கஸ்பார் தன் வாஷர்களையெல்லாம் ஒரு பெரிய கம்பி வளையத்தில் கோர்த்து, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தார். அவர் போனபின் அதை யாரும் தொடவில்லை.

“இதை எடுக்கலாமாக்கா?”

எடுத்து மேசைமேல் படுக்கையாக வைத்தாள். வாஷர்களை விரலால் தள்ளித் தள்ளி வளையம் முழுக்கப் பரப்பினாள்.

“இது நம்ம ஊர்ச் சாலை. இதெல்லாம் வண்டிகள். ஒவ்வொரு வண்டிக்கும் ரெண்டு குணம் கொடுத்திருக்காங்க. ஒண்ணு, அடுத்த வண்டியை ஒட்டாது. ரெண்டும் சக்களத்திங்க மாதிரி, நெருங்கினா தள்ளிக்கும். அதனால எல்லாம் ஒரே இடத்துல குவியாம ஊர் முழுக்கப் பரவி நிக்கும். நல்ல குணம்தானே?”

“நல்லதுதான்.”

“ரெண்டாவது, ஜனங்க எங்கேருந்து அதிகமா கூப்பிடறாங்களோ அந்தப் பக்கம் அதுக்கு ஒரு இழுப்பு. அதுவும் நல்ல குணம்தான்.” வளையத்தின் ஒரு விளிம்பைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். “இந்தச் சாய்வுதான் அந்த இழுப்பு. பாருங்க.”

வாஷர்கள் கொஞ்சம் கீழே நகர்ந்தன. மேலே அடர்த்தி குறைந்தது, ஆனால் அங்கும் இருந்தன. இன்னும் கொஞ்சம் தூக்கினாள். இன்னும் கொஞ்சம். எந்தக் கணத்தில் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மேல் பக்கத்தில் வெறும் கம்பி தெரிந்தது.

“இதான் எட்டுமணி” என்றாள்.

நான் அந்த வெறும் கம்பியையே பார்த்தேன். கஸ்பாரின் விரல் எண்ணெய் அதில் மினுங்கியது.

“வேணும்னுதானே செஞ்சாங்க?” என்றேன்.

“இல்லக்கா. அதான் கஷ்டம். வேணும்னு செஞ்சிருந்தா யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கும்.”

பிறகு அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அணுக்கருவுக்குள் இருக்கும் துகள்களை ஒட்டிவைக்கும் விசையைப் பற்றி ஒரு கோட்பாடு உண்டாம். கேஜ் கோட்பாடு என்பார்களாம். அதைக் கணக்கிட, பெரிய பெரிய எண்சதுரங்களை எடுத்துக்கொள்வார்கள். அணிகள். ஒவ்வொரு அணிக்கும் அடையாளம்போலச் சில எண்கள் உண்டு. அந்த எண்கள் ஒரு வட்டத்தின்மேல் உட்காரும். ஒன்றையொன்று தள்ளும். விசையின் வலிமையை ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டே போனால், வட்டம் முழுக்க இருந்த எண்கள் ஒரு பக்கம் சேர்ந்து, எதிர்ப்பக்கம் ஒரு வெற்றிடம் திறக்கும்.

“தண்ணி பனிக்கட்டி ஆகிற மாதிரி அதுவும் ஒரு நிலைமாற்றம். ஆனா தண்ணி உறைஞ்சா கையை வெச்சாலே தெரியும். இது சத்தமே போடாது. சராசரியைப் பார்த்தா தெரியாது. சராசரி ஏறுதா இறங்குதான்னு பார்த்தாலும் தெரியாது. அந்த ஏத்தம் இறக்கம் வேகமாகுதான்னு பார்த்தா, அதுலயும் தெரியாது. அதுக்கும் அடுத்த படியில போய்ப் பார்த்தாத்தான் ஒரு சின்ன முறிவு இருக்கும். கம்பெனி அலாரம் ரெண்டாவது படியோட நின்னுடுது.”

“ஏன் நிக்குது?”

“மூணாவது படியில தெரியறதெல்லாம் இரைச்சல்னு அவங்க நம்பறாங்க. இன்னொண்ணு, வண்டிங்க எண்ணிக்கை முடிவில்லாம இருந்தாத்தான் வெற்றிடம் சுத்தமா காலியாகும். இங்க இருக்கிறது எழுபது எண்பது. அதனால எப்பவாவது ஒண்ணு தப்பி வந்துடும். அதைப் படம் பிடிச்சுக்குவாங்க.”

கோயில் வாசலில் நின்ற வண்டி எனக்கு நினைவு வந்தது. இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்பதும் கூடவே வந்தது.

“நீங்க கம்பெனியிலயா இருந்தீங்க?”

“இல்ல. அந்த எண்களைப் பத்தித்தான் நான் ஆராய்ச்சி செஞ்சேன். வண்டிங்களும் அந்த எண்கள் மாதிரி நடந்துக்கிட்டா ஊருக்கு நல்லதுன்னு ஒரு தடவை விளையாட்டா சொன்னேன். கேட்டவங்க அதை விளையாட்டா எடுத்துக்கல.”

“யாரு கேட்டா?”

அவள் வாஷர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். “சாய்வு முதல்ல கம்மியாத்தான் இருந்துச்சு” என்றாள். “அப்புறம் கூட்டினாங்க. கூப்பிடற இடத்துக்குக் கிட்ட வண்டி நின்னா சராசரி குறையுமில்லியா? நீங்க கூப்பிடவே இல்லை. மணி அடிச்சீங்க. எட்டுமணியில யாருக்கும் நோயே வர்றதில்லைன்னு வண்டிங்க கத்துக்கிச்சு.”

அவள் போனபின் நான் வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். ஒருவரை ஒருவர் தாங்கியதற்குக் கிடைத்த தண்டனையா இது? அல்லது அப்படி நம்பவைக்க அனுப்பப்பட்டவளா இவள்? குற்றத்தை எங்கள் மணியின்மேல் போட்டுவிட்டால் கம்பெனிக்கு எவ்வளவு வசதி!

அடுத்தமுறை அவள் வந்தபோது புளோரா மைனியையும், கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியாரையும் கூப்பிட்டு வைத்திருந்தேன். சாட்சி இல்லாமல் இனி அவளோடு பேசுவதில்லை என்று முடிவு.

“மணியை நிறுத்துங்க” என்றாள் நப்பின்னை. “எதுக்கெடுத்தாலும் பொத்தானை அழுத்துங்க. பொய் சொல்ல வேணாம். ஒரு நாளைக்கு ஊர்ல எத்தனை தலைவலி, எத்தனை பிள்ளைக்குக் காய்ச்சல்? எல்லாத்துக்கும் அழுத்துங்க.”

உபதேசியார் எழுந்தே விட்டார். “மணிய நிறுத்துறதா? கடலு கொண்டுபோகாத மணிய நீங்க வந்து கொண்டுபோறியளோ?”

“கொஞ்ச காலத்துக்குத்தாங்க ஐயா.”

“எர்மினா, இந்த அம்மா யாரு எவருன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவள் தலையை ஆட்டினாள், சரியான பதில் என்பதுபோல.

மைனிதான் ஒரு கேள்வி கேட்டாள். மைனியின் மருமகள் செல்சியா அப்போது நிறைசூலி. கால் வீங்கி, ரத்த அழுத்தம் கூடிப் படுக்கையில் இருந்தாள். “வண்டி எங்க பக்கம் வந்துட்டா, இவ சொன்னாளே, வண்டியில்லாத ஓட்டை, அது அடைஞ்சு போயிருமா?”

நப்பின்னை ஆணியிலிருந்து வளையத்தை எடுத்தாள். மேசைமேல் வைத்து முன்போல ஒரு பக்கத்தைத் தூக்கினாள், பிறகு கையை மாற்றி எதிர்ப்பக்கத்தை அதே அளவு தூக்கினாள். வாஷர்கள் சரசரவென்று ஓடி இடம் மாறின. வெறும் கம்பியும் இடம் மாறியது.

“சாய்வு குறையாது. சாயற பக்கம்தான் மாறும். சாய்வைக் குறைக்கிற திருகு கம்பெனி கையில இருக்கு. ஓட்டை எதிர்ப்பக்கம் போகும்.”

“எதிர்ப்பக்கம்னா…”

“இரண்டுமணி.”

நாங்கள் மூவரும் ஜன்னல் வழியாகத் தண்ணீரைத் தாண்டிப் பார்த்தோம்.

“அங்கயும் உசுருதானே இருக்கு?” என்றார் உபதேசியார்.

“இருக்கு. ஆனா அங்க ஒருத்தருக்கு வண்டி வரலைன்னா சத்தம் கேட்கும். இங்க கேட்கலியே.”

அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. கணக்கு வாசிக்கிற குரல். ஆனால் மைனிக்கு மருமகள் இருந்தாள். மறுநாளே மணியின் நாக்கில் துணி சுற்றப்பட்டது. உபதேசியார் அதைச் சுற்றும்போது அழுதார் என்று சொன்னார்கள்.

அதன்பின் எங்கள் குடியிருப்பில் நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். முதல் வண்டி ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. போகப்போகச் சீக்கிரம் வந்தது. வண்டி நின்றால் பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டினார்கள். ஒரே நர்ஸ் ஒரு வாரத்தில் புளோரா மைனியைப் பலமுறை பார்த்துவிட்டாள்.

“மறுபடியும் நீங்களாம்மா? இன்னைக்கு என்ன?”

“விக்கல் நிக்கல தங்கச்சி.”

“தண்ணி குடிச்சீங்களா?”

“குடிச்சா நின்னுரும்லா? நின்னுட்டா நீ வர மாட்டியே.”

செல்சியாவுக்கு வலி வந்தபோது வண்டி தெருமுனையில் ஏற்கனவே நின்றிருந்தது. பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள். டாக்டர், கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாராம்.

ஊர் கொண்டாடியது. நான் மட்டும் பலகையில் உட்கார்ந்து, வரிசையாகப் போகும் நீலவண்டிகளைப் பார்த்துக்கொண்டு, அவை வேறு எங்கிருந்து வந்தவை என்று யோசித்தேன்.

அப்போதுதான் மைனி சந்தையிலிருந்து அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். “உன் சிநேகிதிய இன்னைக்குப் பாத்தேன். கார்ல போறா. பக்கத்துல யாரு தெரியுமா? கம்பெனிப் பெரியவன். டிவியில வந்து நாலு நிமிசம் நாலு நிமிசம்னு சொல்லுவானே, செங்குட்டுவன், அவன். ரெண்டுபேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டுப் போறாவ.”

எனக்கு ஆச்சரியம்கூட வரவில்லை. இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று தோன்றியது. அவள் வந்ததும் உள்ளே விடவில்லை, படியிலேயே நிறுத்தினேன்.

“செங்குட்டுவன் உனக்கு யாரு?”

அதுவரை நீங்க என்றுதான் பேசியிருந்தேன். அவள் அதைக் கவனித்தாள்.

“அண்ணன். கூடப் பிறந்தவன். நான் அவன் வீட்லதான் இருக்கேன். இரண்டுமணியில, ஏரிக்கரை ஓரமா மஞ்சள் பால்கனி தெரியும் பாருங்க, அந்த வீடு.”

“நீ விளையாட்டா சொன்னதைக் கேட்டது அவன்தானா?”

“ஆமா.”

“அப்போ என் வீட்டுக்காரர் செத்ததையும் அவன்தான் சொன்னான்.”

“சாப்பிடும்போது சொன்னான். ‘எட்டுமணியில ஒரு கேஸ் லேட். விதிவிலக்கு’ன்னான். அவன் கெட்டவன் இல்லக்கா. மூணாவது படியைப் பாருன்னு ரெண்டு வருஷமா சொல்றேன். வரைபடம் போட்டுக் காட்டினேன். ‘பின்னை, ஒரு இடத்துல கூப்பிட்டு வரலைன்னு சொல்லு, ஒத்துக்கறேன். கூப்பிடாத இடத்துல வரலைன்னு சொன்னா நான் என்ன செய்ய’ன்னு கேட்டான். அது நியாயமான கேள்விதான்.”

“அதனால?”

“அதனால கூப்பிடற இடத்துக்கு ஓட்டையைக் கொண்டுபோறேன். அவன் வீட்டுக்கே. இப்ப தினமும் பொத்தானை அழுத்திப் பார்க்கறேன். அவன் பக்கத்துல கடிகாரத்தோட உட்கார்ந்திருக்கான். முதல்ல சிரிச்சான். போன வாரத்துலேருந்து சிரிக்கறதில்ல. ஆனா இன்னும் தற்செயல்ங்கறான்.” அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். மூச்சு வாங்கியது. “அவன் திருகைக் குறைச்சுட்டா நீங்க மறுபடி மணி அடிக்கலாம். பொத்தானையும் அழுத்தணும், சரியா? ரெண்டும்.”

நான் அவளை உள்ளே வரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “உங்க கணவர் தலையை நீங்க மடியில வெச்சிருந்தீங்கன்னு சொன்னாங்க” என்றாள். “அவருக்குத் தெரிஞ்சிருக்குமா, நீங்க இருக்கீங்கன்னு?”

“தெரிஞ்சுது” என்றேன். “என் கையை அழுத்தினாவ.”

“அது பெரிய விஷயம்” என்றாள். குடையை விரித்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

செய்தி எங்களுக்கு நர்ஸ் மூலம் வந்தது. இரண்டுமணியில் பகல் வேளையில் ஒரு அழைப்பு. பக்கத்தில் வண்டியே இல்லை. எங்கள் குடியிருப்பிலிருந்துதான் ஒன்று கிளம்பிப் பாதி ஊரைச் சுற்றிப் போனது. அதில் இருந்தது அந்த நர்ஸ்தான். புளோரா மைனியின் விக்கலுக்கு வந்தவள். “மஞ்சள் பால்கனி வீடும்மா” என்றாள். “நான் போனப்ப அந்த அம்மாவுக்கு உயிர் இல்லை.”

எங்கள் ஆட்களின் சாவுக்கு மட்டுமே எங்கள் மணி துக்கத்துக்கு அடிக்கும். அது கடற்கரையில் இருந்தபோதே இருந்த வழக்கம். உபதேசியார் யாரையும் கேட்காமல் போய் மணி நாக்கின் துணியை அவிழ்த்தார். “அவ கோயில்ல பேரு எழுதாதவ” என்று யாரோ சொன்னதற்குப் புளோரா மைனி, “வாய மூடும். எழுதியாச்சு” என்றாள். மணி அடித்தது. தண்ணீருக்கு அப்பால் கேட்டிருக்குமா, தெரியாது.

சில வாரங்களில் சந்தைப் பலகையில் நான்கு என்ற எழுத்தை எடுத்துவிட்டு ஐந்து என்று வைத்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் சாலையில் வண்டிகள் குறைந்தன, ஆனால் வருவது நிற்கவில்லை. காத்திருந்தால் ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று.

அதன்பின் ஒரு மாலையில் செங்குட்டுவன் வந்தார். டிவியில் பார்த்ததைவிடச் சிறியவராக இருந்தார். நடுப்படியில் நின்றார், அவள் நின்ற அதே படி. உள்ளே வந்து, நான் சொல்லும்வரை உட்காரவில்லை.

“அவளுக்கு இதயத்துல ஒரு வால்வு சரியில்லைன்னு இருந்திருக்கு. டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்கு ரொம்ப நாளா தெரியுமாம். உங்ககிட்ட ஏதாவது சொன்னாளாம்மா?”

“இல்லை.”

“அன்னைக்கு மத்தியானம் உள் அறையிலேருந்து ‘அண்ணா, அழுத்திட்டேன், பாரு’ன்னு சொன்னா. தினமும் அப்படித்தான் சொல்லுவா. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு முன் அறையில உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போச்சு. இன்னொரு காபி போட்டுக்கிட்டேன். ‘பின்னை, இன்னைக்கு நீதான் ஜெயிக்கறே’ன்னு சத்தமா சொன்னேன்.” நிறுத்தினார். “அது சோதனையில்லைன்னு அவளுக்குத் தெரியும். என்னை ஏன் கூப்பிடலை? எழுந்து வான்னு ஒரு வார்த்தை? வேணும்னே செஞ்சாளா? இல்ல, கூப்பிட்டும் எனக்குக் கேட்கலையா? நீங்க அவளோட பேசியிருக்கீங்க. உங்களுக்கு என்ன தோணுது?”

நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு வாசிக்கிற குரல். அங்கே ஒருத்தருக்கு வரலைன்னா சத்தம் கேட்கும். அப்போதே அவள் தன்னைத்தான் சொன்னாளா? அவர் ஆறுதல் கேட்டு வந்திருக்கிறாரா, அல்லது எட்டுமணிக்காரர்கள்தான் தூண்டினார்கள் என்று என் வாயிலிருந்து வாங்க வந்திருக்கிறாரா? இரண்டுக்கும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்.

“நீங்க பக்கத்துல இருக்கணும்னு சொன்னா” என்றேன். “அவ எங்கிட்ட சொன்னது அதுதான்.” அந்த வார்த்தைகளில் அவள் சொல்லவில்லை; ‘அது பெரிய விஷயம்’ என்றதைத்தான் அப்படி மாற்றிச் சொன்னேன்.

“பக்கத்துலதான் இருந்தேன்” என்றார்.

அவர் கண் சுவரில் தொங்கிய வளையத்தின்மேல் போனது. அவருக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுந்துபோய் எடுத்தார். வாஷர்கள் எல்லாம் கீழே குவிந்து, மேலே வெறும் கம்பி. அதைக் கொண்டுவந்து மேசைமேல் படுக்கையாக வைத்து, ஒவ்வொன்றாக விரலால் தள்ளினார். நெடுநேரம் ஆயிற்று. அவர் கையில் எண்ணெய் ஒட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

வெளியே ஒரு நீலவண்டி அவசரமில்லாமல் போனது. நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். அது வளைவில் மறைந்த பிறகும் அவர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அடுத்த வண்டி வரும்வரை இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.